தண்டுவடத் திரவத்தில் ஒரு துளி: பார்க்கின்சன் நோயும் அறிதிறனும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் நரம்பு மண்டலம் நடத்தும்போது மூளைத் தண்டுவடத் திரவத்துக்கு நம்மில் பலர் ஒதுக்குவது மூன்று நிமிடம் இருக்கும். மூளை உறைகள் மூன்று, அவற்றின் பெயர்கள், நடுவில் ஒரு திரவம். அது அதிர்வைத் தாங்கும், சத்துகளைக் கொண்டுவரும், கழிவுகளை அகற்றும், கபாலத்துக்குள் அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இவ்வளவு போதும். அடுத்த பத்தியில் பெருமூளைக்குப் போய்விடுகிறோம்.

இந்த நான்கு பணிகளில் 'கழிவுகளை அகற்றும்' என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு இந்த ஆண்டு இரண்டு பாடவேளைகள் கூடுதலாக எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு வரியை வைத்துத்தான் உலகின் பல ஆய்வகங்களில் இன்று ஒரு பெரிய தேடல் நடக்கிறது. பார்க்கின்சன் நோய் வந்த ஒருவருடைய சிந்தனைத் திறன் வரும் ஆண்டுகளில் எப்படி இருக்கும் என்பதை, அவர் முதுகிலிருந்து எடுக்கும் சில மில்லிலிட்டர் திரவத்திலிருந்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதே அந்தத் தேடல். பாடநூலைத் தாண்டிய செய்திதான். ஆனால் இதைப் புரிந்துகொள்ளத் தேவையான அடிப்படைகள் அனைத்தும் பாடநூலிலேயே இருக்கின்றன.

முதலில் திரவத்தைப் பற்றிச் சில எண்கள். பெரியவர் ஒருவரின் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியும், மூளையின் உள்ளறைகளிலும் இருக்கும் திரவம் மொத்தமே சுமார் 150 மி.லி. ஒரு டம்ளர் காபி அளவு. ஆனால் ஒரு நாளில் உற்பத்தியாவது சுமார் 500 மி.லி. மாணவர்களிடம் இந்த இரண்டு எண்களையும் கொடுத்து, "அப்படியானால் மீதித் திரவம் எங்கே போகிறது?" என்று கேளுங்கள். ஒருவராவது வகுத்துப் பார்த்து, நாளொன்றுக்கு மூன்று முறைக்கு மேல் திரவம் முழுதும் மாறுகிறது என்று சொல்லிவிடுவார். மூளையின் உள்ளறைகளில் இருக்கும் கோராய்டு பின்னல் என்ற திசு, இரத்தத்திலிருந்து இதை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது; பழைய திரவம் மீண்டும் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. தேங்கிய குட்டையென்று நினைத்திருந்தவர்கள், இது ஓடிக்கொண்டிருக்கும் வாய்க்கால் என்று புரிந்துகொள்ளும் இடம் இது.

மிதப்பையும் காட்டிவிடலாம். காற்றில் சுமார் 1400 கிராம் இருக்கும் மூளை, இந்தத் திரவத்தில் மிதக்கும்போது வெறும் 50 கிராம் அளவுக்கே எடை காட்டும். ஆர்க்கிமிடிஸ் தத்துவம் படித்த பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பச்சை முட்டையை வைத்துக் குலுக்குங்கள். இன்னொரு டப்பாவில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி முட்டையைப் போட்டுக் குலுக்குங்கள். முதல் டப்பாவைக் கழுவ ஒரு தன்னார்வலரை முன்பே தயார் செய்துவைத்துக்கொள்வது நல்லது.

முதுகில் ஊசி என்றால்

திரவத்தை வெளியே எடுப்பது எப்படி என்ற கேள்வி வந்தவுடன் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காம போயிடும்" என்பது நம் ஊர்களில் வேரூன்றிய பயம். ஆனால் அறுவை சிகிச்சை மூலம் பிள்ளை பெற்ற நம் மாணவர்களின் தாய்மார்கள் பலருக்கும் மரப்பு ஊசி போடப்பட்டது அதே இடத்தில்தான். இதே திரவத்துக்குள்தான் அந்த மருந்து கலக்கிறது. இதைச் சொன்னதும் பாதி பயம் போய்விடுகிறது.

மீதி பயத்தை உடற்கூறியல் போக்கும். முதுகெலும்புத் தொடர் இடுப்பு வரை நீண்டாலும், அதற்குள் இருக்கும் தண்டுவடம் பெரியவர்களிடம் முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகள் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரை வாலைப் போல நரம்பிழைகள் மட்டும் திரவத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். மருத்துவர் ஊசியைச் செலுத்துவது மூன்றாம், நான்காம் முள்ளெலும்புகளுக்கு இடையிலோ, அதற்கும் கீழோதான். மிதக்கும் நூலிழைகள் ஊசி முனைக்கு வழிவிட்டு விலகிக்கொள்ளும். பரிசோதனைக்குப் பிறகு சிலருக்கு ஓரிரு நாள் தலைவலி இருப்பது உண்டு. 1891இல் ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் குவின்கே அறிமுகப்படுத்திய முறை இது. அன்று அவர் நோக்கம் கபாலத்துக்குள் ஏறிய அழுத்தத்தைக் குறைப்பது. அந்தத் திரவத்திலிருந்து ஒருநாள் நினைவாற்றலைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

நடுக்கம் மட்டுமா நோய்?

இவ்வளவும் சொல்லிக்கொண்டிருந்த வகுப்பில்தான் ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய தாத்தா பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். சில ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்கிறார். "முன்னெல்லாம் எவ்வளவு கூட்டமா இருந்தாலும் சில்லறைக் கணக்கை டக்குனு சொல்லுவாராம் டீச்சர். இப்போ கடையில பத்து ரூபாய்க்கு மீதி எவ்வளவுன்னு கேட்டாலே ரொம்ப நேரம் யோசிக்கிறாரு. என்னையும் மறந்துடுவாரா?"

வகுப்பு அமைதியானது. அவளுக்குப் பொய்யான ஆறுதலும் கூடாது, பொய்யான பயமும் கூடாது. அடுத்த வாரம் விரிவாகப் பேசுவோம் என்று சொல்லிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி அந்த வாசிப்பில் கிடைத்ததும், அதை வகுப்பறைக்குக் கொண்டுபோன விதமும்தான்.

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், 'நடுக்குவாதம்' பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதில் அவர் விவரித்தது ஆறே ஆறு பேரை. அவர்களிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. புதைபடிவங்களைச் சேகரித்து அவற்றைப் பற்றியும் நூல்கள் எழுதியவர். கூர்ந்து கவனிக்கும் பழக்கம் அங்கிருந்து வந்ததோ என்னவோ! கை நடுக்கம், முன்னோக்கிச் சாய்ந்த உடல், நடை ஓட்டமாக மாறிவிடும் தன்மை என அவர் எழுதிய பலவும் இன்றும் பொருந்துகின்றன. ஆனால் புலன்களும் அறிவும் பாதிக்கப்படுவதில்லை என்று அவர் எழுதியது மட்டும் பொருந்தவில்லை. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நரம்பியல் அறிஞர் ஷார்கோ, இந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரையே சூட்டினார். நாளடைவில் மனத்திறன்களும் பாதிக்கப்படலாம் என்றும் சொன்னார். ஆனாலும் மருத்துவ உலகமும் பொதுமக்களும் மிக நீண்ட காலம் இதைக் கைகால் நோயாகவே பார்த்தார்கள்.

மூளைத்தண்டின் மேற்பகுதியில் கருமை நிறம் கொண்ட ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்புச் செல்கள் டோபமைன் என்ற நரம்புணர்வு கடத்தியைச் சுரக்கின்றன. இந்தச் செல்கள் அழியும்போது இயக்கம் மெதுவாகிறது, உடல் விறைக்கிறது, நடுக்கம் வருகிறது. 1912இல் பிரெடெரிக் லூயி, நோயாளிகளின் மூளைச் செல்களுக்குள் உருண்டையான படிவுகளைக் கண்டார். அவை எதனால் ஆனவை என்பது தெரிய 1997 ஆகிவிட்டது: ஆல்பா சைனூக்ளின் என்ற புரதம். 140 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம்தான். இயல்பாக நம் எல்லோருடைய நரம்புச் செல்களிலும் இருப்பது. அது உருமாறி மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்போதுதான் சிக்கல்.

டோபமைன் குறைவை ஈடுகட்ட லெவோடோபா மாத்திரை கொடுக்கிறார்கள். நடை தேறுகிறது, விறைப்பு குறைகிறது. சிந்தனையில் வரும் மாற்றங்களுக்கோ அது பெரிதாகக் கைகொடுப்பதில்லை. காரணம், சிந்தனையைப் பாதிப்பது டோபமைன் மட்டும் அல்ல. பாடநூலில் நாம் நடத்தும் அசிட்டைல்கோலின் சுரக்கும் செல்களும் குறைகின்றன. சைனூக்ளின் படிவுகள் பெருமூளைப் புறணிக்கும் பரவலாம். போதாக்குறைக்குச் சிலருக்கு அல்சைமர் நோயில் காணப்படும் அமைலாய்டு படிவுகளும் சேர்ந்துகொள்கின்றன. ஒரே பெயர் கொண்ட நோய்க்குள் ஆளுக்கு ஆள் வேறுபட்ட கலவை.

அறிதிறன் மாற்றம் என்றால் மறதி என்றே நாம் நினைக்கிறோம். பார்க்கின்சன் நோயில் பெரும்பாலும் முதலில் தெரிவது வேறு: யோசனையின் வேகம் குறைவது, ஒரு வேலையைத் திட்டமிட்டு வரிசையாகச் செய்வதில் தடுமாற்றம், கவனம் சிதறுவது, இடம்-தூரம்-வடிவம் பற்றிய கணிப்பில் பிசகு. ஐந்து சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துக் கேட்டால் விழிப்பார்கள். "அதில் ஒன்று பூவின் பெயர்" என்று துப்புக் கொடுத்தால் பலருக்குச் சட்டென்று நினைவு வந்துவிடும். செய்தி உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது. எடுக்கும் வழிதான் சுணங்குகிறது. முதல் எழுத்தைச் சொன்னால் முழு விடையையும் சொல்லிவிடும் மாணவர்கள் நம் வகுப்பிலும் உண்டு. அவர்களுக்கு 'ஒன்றும் தெரியாது' என்று நாம் எழுதுவதில்லை.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் அழுத்திச் சொன்னேன். இந்நோயில் முகத் தசைகளும் விறைப்பதால் முகத்தில் உணர்ச்சி தெரியாது, குரல் தணிந்துவிடும், பதில் தாமதமாக வரும். பார்ப்பவர்கள் 'இவருக்குப் புரியவில்லை' என்றோ 'நம்மைக் கண்டுகொள்ளவில்லை' என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். முகத்தில் சிரிப்பு வரவில்லை என்பதால் மகிழ்ச்சி இல்லை என்று ஆகாது. கையெழுத்தும் அப்படியே. வரி முடிவதற்குள் எழுத்துகள் சிறுத்துக்கொண்டே போகும். நோயின் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்றாக அது இருக்கக்கூடும். நாள்தோறும் கையெழுத்துகளைப் பார்க்கும் நமக்கு இந்தச் செய்தி தெரிந்திருப்பது நல்லது, சக ஆசிரியர்களின் பொருட்டாவது.

வாய்க்காலில் குப்பை குறைந்தால்

இனி திரவத்துக்கு வருவோம். உடலுக்குள் நடக்கும் ஒன்றை அளந்து காட்டும் குறியீட்டை பயோமார்க்கர் என்கிறார்கள், தமிழில் உயிரிக்குறியீடு. சர்க்கரை நோய்க்கு மூன்று மாதச் சராசரி பார்க்கிறோமே, அதுவும் ஓர் உயிரிக்குறியீடுதான். கையை வெட்டிப் பார்க்காமலே இரத்தத்தைக் கேட்கிறோம். மூளையை வெட்டிப் பார்க்க முடியாது. அதன் கழிவுநீரைக் கேட்கலாம்.

பார்க்கின்சன் நோயில் நான்கு பொருள்களை முக்கியமாக அளந்திருக்கிறார்கள்: அமைலாய்டு பீட்டா 42, டௌ புரதம், அதன் பாஸ்பேட் ஏறிய வடிவம், ஆல்பா சைனூக்ளின். இவற்றில் அமைலாய்டு பீட்டா 42 பற்றிய செய்தியே மற்றவற்றைவிடத் தெளிவானது. அது நம் உள்ளுணர்வுக்கு நேர்மாறானதும் கூட. திரவத்தில் இது குறைந்தால்தான் கெட்ட செய்தி!

மாணவர்கள் இந்த இடத்தில் குழம்புவார்கள். கெட்ட புரதம் குறைந்தால் நல்லதுதானே? ஊர் வாய்க்காலை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். தெருக் குப்பை தண்ணீரோடு ஒழுங்காக அடித்துக்கொண்டு வரும் நாளில் வாய்க்காலின் கடைமடையில் குப்பை தெரியும். குப்பை தெருவிலேயே ஒட்டித் தேங்கிவிட்டால் கடைமடைத் தண்ணீர் சுத்தமாக இருக்கும். மூளையில் அமைலாய்டு படிவுகளாகத் தங்கிவிடும்போது திரவத்துக்கு வந்து சேரும் அளவு குறைகிறது. கடைமடையில் நின்றுகொண்டு தெருவின் நிலையை ஊகிப்பதுதான் இந்தப் பரிசோதனை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதில் அடிக்கடி பேசப்படுவது. பார்க்கின்சன் நோயாளிகள் 45 பேர். தொடக்கத்தில் திரவத்தை அளந்துவிட்டு, குறைந்தது ஓராண்டு அவர்களின் அறிதிறனைத் தொடர்ந்து சோதித்தார்கள். அமைலாய்டு பீட்டா 42 ஒரு மில்லிலிட்டருக்கு 192 பிகோகிராமும் அதற்குக் கீழும் இருந்தவர்கள், அதற்கு மேல் இருந்தவர்களைவிட ஆண்டுக்குச் சராசரியாக 5.85 புள்ளிகள் வேகமாகச் சரிந்தார்கள். சோதனையின் மொத்தப் புள்ளிகள் 144.

பிகோகிராம் என்ற அலகை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒரு கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு, அதாவது பத்தின் அடுக்கு மைனஸ் 12. உடலில் உள்ள 150 மி.லி. முழுவதிலும் இதே செறிவு என்று வைத்துக்கொண்டு பெருக்கினால் 28,800 பிகோகிராம் வரும். தூள் உப்பின் ஒரு துகள் சுமார் 60 மைக்ரோகிராம் என்று கொண்டால், அந்தத் துகளில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு! அறிவியல் குறியீட்டில் எண்களை எழுதும் பயிற்சிக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைப்பது கடினம். கணித ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் தேர்வுத் தாளிலேயே சேர்த்துவிட்டார்.

இவ்வளவு நுண்ணிய அளவை அளக்கும்போது சோதனைக்குழாயும் ஆட்டத்தில் கலந்துகொள்கிறது. அமைலாய்டு புரதம் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. அதனால் பாலிபுரோப்பிலீன் குழாய்களையே பயன்படுத்துகிறார்கள். ஆல்பா சைனூக்ளினுக்கு வேறு தொல்லை. இரத்தச் சிவப்பணுக்களில் அது நிறைய இருப்பதால், ஊசி செல்லும் வழியில் துளி இரத்தம் கலந்தாலும் அளவு பொய்யாக ஏறிவிடும். அளக்கும் முறை மாறினால் எண்ணும் மாறும். ஆகவே 192 என்பது எல்லா ஆய்வகத்துக்கும் பொதுவான எல்லைக்கோடு அல்ல. நம் செய்முறைக் கூடத்தில் பிப்பெட்டைக் கழுவாமல் எடுத்தால் ஏன் திட்டுகிறேன் என்று பிள்ளைகளுக்கு அன்று புரிந்தது.

ஆல்பா சைனூக்ளின் அளவோ ஆய்வாளர்களையே சுற்றலில் விட்டிருக்கிறது. 2010இல் தொடங்கிய பி.பி.எம்.ஐ. என்ற பன்னாட்டு ஆய்வின் 2013 வெளியீட்டில், மருந்து தொடங்காத ஆரம்பநிலை நோயாளிகள் 63 பேரையும் நலமாக உள்ள 39 பேரையும் ஒப்பிட்டார்கள். நோயாளிகளிடம் சைனூக்ளின் சற்றுக் குறைவு. அப்படியானால் குறைவது கெட்டது என்று தோன்றும். ஆனால் டேட்டாடாப் என்ற பழைய மருந்தாய்வில் சேகரித்துப் பாதுகாத்த திரவ மாதிரிகளைப் பல்லாண்டு கழித்து எடுத்து அளந்தபோது வேறு படம் தெரிந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள், எட்டு ஆண்டுகள் வரை தொடர்ந்த பதிவுகள். தொடக்கத்தில் சைனூக்ளின் குறைவாக இருந்தவர்களுக்கே நினைவுச் சோதனைகளில் திறன் நன்றாக நிலைத்தது. கைகால் இயக்கத்தோடு அதற்குத் தொடர்பே காணப்படவில்லை. 2014இல் வெளியான இந்த முடிவை முந்தையதோடு வைத்துப் பார்க்கும்போது, 'கூடினால் கெடுதல், குறைந்தால் நன்மை' என்ற ஒற்றை வாய்ப்பாட்டில் இதை அடக்க முடியாது என்பது தெளிவாகிறது. ஆய்வுகள் முரண்படுவதை மாணவர்களிடம் மறைக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. விடைக்குறிப்பு உள்ள அறிவியலை மட்டுமே காட்டி வளர்த்தால், விடைக்குறிப்பு இல்லாத இடத்தில் அவர்கள் வதந்தியை நம்புவார்கள்.

சராசரி வேறு, ஆள் வேறு

மாணவியின் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடைய பகுதி இது. பத்தாம் வகுப்பு 'அ' பிரிவின் சராசரி 62, 'ஆ' பிரிவின் சராசரி 58 என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு உண்மையானதே. ஆனால் 60 மதிப்பெண் பெற்ற ஒரு விடைத்தாளைக் கையில் கொடுத்து, இது எந்தப் பிரிவு என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் இத்தகைய சராசரி வேறுபாடுகளே. குழுவைப் பற்றிப் பேசுபவை. ஒரு தாத்தாவைப் பற்றிப் பேசுபவை அல்ல. அன்றாட மருத்துவத்தில் பார்க்கின்சன் நோயை மருத்துவர்கள் நடை, விறைப்பு, நடுக்கம் இவற்றைப் பார்த்தே கண்டறிகிறார்கள். எல்லோருக்கும் முதுகில் ஊசி போட்டுத் திரவம் எடுப்பது வழக்கமில்லை.

விழுக்காட்டையும் பகுதியைப் பார்க்காமல் படிக்கக்கூடாது. இருபது ஆண்டுகள் கழித்து 83 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா என்று சிட்னி ஆய்வு ஒன்று 2008இல் சொன்னது. இந்த எண்ணைப் பல இடங்களில் காணலாம், காண்பவர் கலங்கிப்போவார். அந்த ஆய்வு 136 பேரோடு தொடங்கியது. இருபதாம் ஆண்டில் ஆய்வில் எஞ்சியிருந்தோர் 30 பேர். 83 விழுக்காடு என்பது அந்த முப்பதில் 25. பி.பி.எம்.ஐ. தரவுகளை வைத்து 2024இல் வந்த கணிப்பில், நோய் தொடங்கிய பத்தாம் ஆண்டில் டிமென்ஷியா வாய்ப்பு, ஆய்வு மருத்துவர்களின் முடிவுப்படி 9 விழுக்காடு. அதே கட்டுரையில் பென்சில்வேனியா குழுவுக்குப் பத்தாம் ஆண்டில் 27 விழுக்காடு. ஏன் இவ்வளவு வேறுபாடு? யாரைச் சேர்த்தார்கள், என்ன வயது, எவ்வளவு படித்தவர்கள், யார் தீர்ப்புச் சொன்னார்கள் என்பதெல்லாம் எண்ணுக்குள் இருக்கின்றன.

'எவ்வளவு படித்தவர்கள்' என்பதில் நாம் சற்று நிற்க வேண்டும். அறிதிறனைச் சோதிக்க உலகெங்கும் பயன்படும் ஒரு தாள், மோகா எனப்படும் மாண்ட்ரியால் அறிதிறன் மதிப்பீடு. மொத்தம் 30 மதிப்பெண். 26உம் அதற்கு மேலும் இயல்பு நிலை. கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்ட வேண்டும். கனசதுரத்தைப் பார்த்து வரைய வேண்டும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும்: 93, 86, 79, 72, 65. குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் அடுக்க வேண்டும். பார்த்தவுடனே தெரிகிறதல்லவா, இது பள்ளிக்கூடம் போனவருக்கான தாள்! இதை உருவாக்கியவர்களுக்கும் இது தெரியும். பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆனால் மூன்றாம் வகுப்போடு ஆடு மேய்க்கப் போன பாட்டிக்கும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கும் அதே ஒரு மதிப்பெண்தான். இந்தக் குறையை நேர்செய்யக் குறைந்த கல்வி பெற்றோருக்கென்று தனியாக மோகா பேசிக் என்ற தாளும் பின்னர் உருவாக்கப்பட்டது.

திரவக் குறியீடுகளின் மதிப்பு எனக்கு இங்கேதான் உறைத்தது. அமைலாய்டு புரதத்துக்கு நீ எத்தனாவது வரை படித்தாய் என்று தெரியாது. பேனா பிடிக்கத் தெரியுமா, கை நடுங்குகிறதா, சோதிப்பவரின் மொழி புரிகிறதா என்பதும் அதற்குப் பொருட்டில்லை. தாளும் பேனாவும் சொல்வதைச் சரிபார்க்க இன்னொரு சாட்சி கிடைக்கிறது. ஆனால் அதுமட்டுமே சாட்சியும் அல்ல. கடையில் மீதிச் சில்லறை எண்ண முடிகிறதா என்பதை எந்தத் திரவமும் சொல்லாது.

புதிதாக வந்திருக்கும் ஒரு சோதனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான். பாலுக்கு உறை ஊற்றுகிறோம். ஒரு கரண்டி மோர் ஒரு பாத்திரப் பாலைத் தயிராக்கிவிடுகிறது. அதுபோல, நோயாளியின் திரவத்தில் ஒரு சிறு அளவை எடுத்து, நல்ல ஆல்பா சைனூக்ளின் நிறைந்த கரைசலில் சேர்க்கிறார்கள். திரவத்தில் உருமாறிய சைனூக்ளின் துளியளவு இருந்தாலும், அது நல்ல புரதத்தையும் தன்னைப்போல மடிக்கிறது. கூடவே போட்டிருக்கும் சாயம் ஒளிரத் தொடங்குகிறது. உறை விழுந்துவிட்டது! தயிரில் வேலை செய்வது உயிருள்ள பாக்டீரியா, இங்கே வெறும் வடிவம் என்ற வேறுபாட்டை மறக்காமல் சொல்லுங்கள். 1123 பேரிடம் செய்த சோதனை 2023இல் வெளியானது. நோயாளிகளில் 87.7 விழுக்காட்டினருக்கு ஒளிர்ந்தது. நலமாக இருப்பவர்களில் 96.3 விழுக்காட்டினருக்கு ஒளிரவில்லை. முகரும் திறன் குறைந்த, மரபணுக் காரணம் காணப்படாத நோயாளிகளில் 98.6 விழுக்காடு வரை சென்றது. மூக்கு மணத்தை இழப்பது நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கக்கூடும் என்பதால் இது கவனிக்கத்தக்கது. ஆனால் இந்தச் சோதனை முதன்மையாகச் சொல்வது 'உண்டு, இல்லை' என்பதை. சிந்தனை எந்த வேகத்தில் மாறும் என்று கணிக்க மற்றக் குறியீடுகளின் துணை வேண்டும்.

மாணவிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தாத்தா மெதுவா யோசிக்கிறார்னா மறந்துட்டார்னு அர்த்தம் இல்ல. எல்லாருக்கும் மறதி வர்றதில்ல. சிலருக்குப் பல வருஷம் கழிச்சு வரலாம். மாற்றம் தெரிஞ்சா டாக்டர்கிட்ட சொல்லுங்க, சில மருந்துகளாலகூடக் குழப்பம் வரும், அதை மாத்தலாம். சில்லறைக் கணக்கு கேட்டா, அவர் சொல்றவரைக்கும் காத்திரு. நீ சொல்லிடாதே." அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது கடைசி வரியை மட்டும்.

வகுப்பில் கடிகாரம் வரையும் செயல்பாட்டைச் செய்தோம். எண்களை இடம் பார்த்துப் பொருத்துவது, 'பத்து' என்று கேட்டவுடன் பத்தாம் எண்ணுக்கு முள்ளை வைக்காமல் இரண்டுக்கு வைப்பது என ஒரு சிறு படத்துக்கு எத்தனைத் திறன்கள் தேவை என்று பட்டியலிட்டார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இதை வைத்து மார்க் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை அது. தப்பாகச் செய்தால் ஒரு முதியவரின் மனம் நோகும்.

"அப்போ எனக்கும் வருமா டீச்சர்?" என்ற கேள்வியைக் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான். அவன் பெரியப்பாவுக்கு இந்நோய் இருக்கிறது. பெரும்பாலோருக்கு இது பெற்றோரிடமிருந்து நேராக வருவதல்ல என்று சொன்னேன். சில குடும்பங்களில் மட்டும் மரபணு மாற்றம் காரணமாகிறது. இத்தாலியின் காண்டுர்சி என்ற ஊரிலிருந்து வந்த ஒரு குடும்பத்திலும், சில கிரேக்கக் குடும்பங்களிலும் 1997இல் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆல்பா சைனூக்ளினின் 140 அமினோ அமிலங்களில் 53ஆவது இடத்தில் அலனின் இருக்க வேண்டியதற்குப் பதில் திரியோனின் இருந்தது, அவ்வளவுதான் மாற்றம். 140 மணிகள் கோத்த சரத்தில் 53ஆவது மணிக்கு மட்டும் வேறு நிறம் பூசிக் கரும்பலகையில் மாட்டினோம். மரபியல் பாடம் தொடங்கும்வரை அதைக் கழற்றவில்லை.